முழங்காலுக்குக் கீழே

பத்தொன்பது வருடம் சுங்கை பீசி டோலில்
என் வலது கைதான் வேலை பார்த்தது.
மற்ற உடம்பு அதற்குக் காவல் இருந்தது.
கார் நிற்கும், கை நீளும்,
வாங்கும், கொடுக்கும், மடங்கும்.
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு தடவை, பெருநாள் என்றால் இன்னும் அதிகம்.
மழை நாளில் முழங்கை வரைக்கும் நனையும்.
தோள் காய்ந்தே கிடக்கும்.

காசு கீழே விழுந்தால் குனிய மாட்டேன்.
ஷூ முனையால் மூலைக்குத் தள்ளுவேன்.
ஷிப்ட் முடிந்ததும் துடைப்பம் பொறுக்கித் தரும்.

பிறகு அட்டை வந்தது.
'தீத்' என்று ஒரு சத்தம்,
தடுப்புக் கட்டை தானாக எழுந்தது.
என்னைவிட நன்றாகவே எழுந்தது,
பொய் சொல்லக் கூடாது.

புஷ்பலீலா என்று எழுதிய பெயர்ப்பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
பந்தாய் டாலாமில், பதினோராவது மாடியில்
மறுபடியும் உட்கார்ந்தேன்.
நாற்காலி, சோபா, கட்டில்.
மூன்றும் ஒரே உயரம்.
அரிசி டின் மேசைக்கு ஏறியது.
சாமி படங்கள் கண்மட்டத்துக்கு வந்தன.
முழங்காலுக்குக் கீழேயும் எனக்கு வீடு உண்டு என்பது
மறந்தே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஐம்பது சென் ஒன்று விரல் நழுவி
உருண்டு உருண்டு
அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்தது.
ஷூ போட்டிருக்கவில்லை. துடைப்பம் பின்கட்டில்.
ஏன் இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

இறங்கிவிட்டேன்.
ஏறத்தான் வரவில்லை.

போன் மேசைமேல்.
சந்தனசாமிக்கு ஏழு மணி வரைக்கும் காவல் வேலை.
மல்லாந்து கிடந்தபடி மேசையின் அடிவயிற்றைப் பார்த்தேன்:
கடைக்காரன் சாக்கட்டியால் போட்ட எண்,
தர்மேந்திரன் பள்ளிக்கூடக் காலத்தில் ஒட்டிய சூயிங்கம்,
கல்லாகிப் போயிருந்தது.
கீழே சூராவில் பாங்கு சொன்னார்கள்.
சிமெண்டுத் தரை முதுகைக் குளிரக் குளிரத் தடவியது.
அழுதேன், கொஞ்சம்.

வலது கையை ஊன்றினேன். அதற்கு நீட்டத்தான் தெரியும்,
ஊன்றத் தெரியவில்லை.
இத்தனை வருடம் மடியில் சும்மா கிடந்த இடது கைதான்
தரையை அழுத்தியது.
புரண்டேன். குப்புறப் படுத்தேன்.
பிட்டம் முதலில் தூக்கி, பூனை சோம்பல் முறிப்பதைப் போல,
ஒரு முட்டி, இன்னொரு பாதம்,
சோபாவின் கை.
நிமிர்ந்தபோது மணி ஐந்தே கால்.
காசு அங்கேயேதான் இருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே இறங்கினேன்.
பதினைந்து நிமிடத்தில் ஏறிவிட்டேன்.
மூன்றாம் நாள் காசை எடுத்தேன்.

கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
பன்னிரண்டு பயிற்சி. படத்துப் பெண்ணுக்கு
வியர்க்கவே இல்லை.
அதைத் தரையில் விரித்துத்தான்
பயற்றங்காய் நறுக்குகிறேன்.
அரிசி டின் கீழே வந்துவிட்டது.
துணி காயப்போடும் கழியை
ஒரு நாள் வலது கையால், ஒரு நாள் இடது கையால் தள்ளுகிறேன்.
இடது நாளில் சட்டைகள் கோணலாகத் தொங்கும்.
எதிர்வீட்டு காக் ரொஹானா பார்த்துச் சிரிப்பாள்.

லிப்டில் ஒன்பதில் இறங்கி, மீதியை நடக்கிறேன்.
லிப்ட் கெட்டுப்போனால் பதினொன்றும்.
அப்போது நானும் எல்லாரையும் போல
லிப்டைத் திட்டுகிறேன்.

"கீழ உக்காந்து என்னா தேடுறே?" என்பார் சந்தனசாமி.
"சில்லறை."
"எவ்ளோ?"
"நீங்களும் உக்காந்து தேடுங்க."
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

குந்தினால் குதிகால் இன்னும் தரையைத் தொடவில்லை.
அந்த இடைவெளியில் தைப்பூசத்தின்போது
ஒரு தீப்பெட்டி நிமிர்ந்து நின்றது.
இப்போது
படுத்தால்தான் நுழைகிறது.