நாலு மணி நேர ஈரோடு

மின்கம்பி எங்கோ வெயிலில் தொய்ந்துவிட்டதாம்.
நாலு மணி நேரமாகும் என்று
ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் வருந்தியது.
எஸ் ஏழு பெட்டியில்
விசிறிகள் மட்டும் பயணம் போய்க்கொண்டிருந்தன.

"உக்காந்து வேகறதுக்கு ஊரையாவது பாக்கலாம்"
என்றார் இர்ஃபான் பாய், ஆம்பூர், செருப்பு வியாபாரம்.
நாகர்கோவில் நர்ஸ் பிலோமினா குடையைத் தேடினாள்.
காட்பாடியிலிருந்து பேசாமலே வந்த கண்ணாடிக்காரி
மேல் படுக்கையிலிருந்து இறங்கினாள்.
பெயர் வஞ்சிக்கொடி.
"ஈரோடு பாத்திருக்கீங்களா?"
"இல்ல."
கேள்வி முடியுமுன்பே வந்துவிட்டது அந்த இல்ல.

காக்கிச் சட்டையை சீட்டின் முதுகில் காயப்போட்டிருந்தார்
ஆட்டோ சென்னியப்பன்.
"எங்கீங் போகோணும்?"
"ஊர் பாக்கணும்."
எங்களைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார்.
"இந்நேரத்துக்குங்களா? நூத்தேழு டிகிரிங்."
ஆளுக்கு நூற்றைம்பது என்றார், நான் நூறு என்றேன்.
நூற்றிருபதுக்குக் கிளம்பிற்று வண்டி.

முதலில் அருங்காட்சியகம்.
வெள்ளிக்கிழமை விடுமுறை.
ஆகவே பூட்டைப் பார்த்தோம்.
தொட்டுப் பார்த்த இர்ஃபான் பாய் கையை உதறினார்.
வஞ்சிக்கொடி மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை,
தெரிந்தவள்போல.

மணிக்கூண்டருகே
லுங்கி மூட்டை, நைட்டி மூட்டை,
மூட்டைமேல் வாய் திறந்து தூங்கும் ஒருவர்.
வேட்டி விளம்பரத்தில் சிரிப்பவனுக்கு மட்டும்
வியர்க்கவில்லை.

மஞ்சள் மண்டியில் பிலோமினா தும்மினாள்.
ஒன்பது முறை. இர்ஃபான் பாய் எண்ணினார்.
சாக்கிலிருந்து ஒரு விரலியை ஒடித்து
"போன வருசத்துச் சரக்கு" என்றாள் வஞ்சிக்கொடி.
கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
சரியாகத்தான் இருந்தது வார்.

ஆற்றுக்குப் போகும் வழியில் சாலையைத் தோண்டியிருந்தார்கள்.
சென்னியப்பன் தயங்கினார்.
"எடது பக்கம். மாவு மில்ல ஒட்டி."
சொன்னது அவள்தான்.
குறுகிய தெரு. நீலக் கதவு வைத்த ஒரு வீடு.
கொடியில் யாருடையதோ பள்ளிச் சீருடை,
காய்ந்து விறைத்து.
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள்.
துடைத்து முடித்தபோது தெரு முடிந்திருந்தது.

முன் கண்ணாடி வழியே சென்னியப்பன் பார்த்தார்,
நானும் பார்த்தேன்,
யாரும் கேட்கவில்லை.
பங்கு ஆட்டோவுக்கென்று ஒரு நாகரிகம் இருக்கிறது.

கருங்கல்பாளையம். காவிரி.
மணலுக்கு நடுவே கணுக்கால் அளவு நீர்.
அக்கரையில் பள்ளிபாளையம்,
இடையில் எங்கேயோ மாவட்டம் மாறுகிறதாம்,
எருமைகள் இரண்டிலுமாகப் படுத்திருந்தன.
படியில் கால் பொசுங்க ஓடிப்போய்த்
தண்ணீரில் நின்ற பிலோமினா கத்தினாள்:
"இதுவும் கொதிக்குதே கர்த்தாவே!"

கரும்புச் சாறு.
"இஞ்சி வேண்டாமுங். ஐஸு கம்மியாப் போடுங்."
அந்த 'ங்'
சக்கையோடு சக்கையாக வெளியே வந்து விழுந்தது.
"எந்தப் பக்கமுங் நீங்க?" கடைக்காரர் கேட்டார்.
"காட்பாடி" என்றாள்,
காட்பாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

படம் எடுக்கும்போது போனை அவள் வாங்கிக்கொண்டாள்.
"நீங்களும் நில்லுங்க."
"எனக்குப் போட்டோ நல்லா வராது."
இப்போதும் இருக்கிறது அந்தப் படம்:
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய மூன்று பேர்,
பாலத்தின் நாலு தூண்,
கீழோரத்தில்
எடுத்தவளுடைய தலையின் நிழல்.

நிலையத்தில் அவள் மட்டும் நூற்றைம்பது கொடுத்தாள்.
மீதியைத் தேடிய சென்னியப்பன்
எங்களெல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்:
"அடுத்த தடவ வெள்ளிக்கெழம இல்லாமப் பாத்து வாங்க.
மியூசியம் தொறந்திருக்கும்."
ஒருத்தி மட்டும் தலையாட்டினாள்.

நாலே முக்கால் மணி நேரத் தாமதத்தில் ரயில் நகர்ந்தது.
மேல் படுக்கையில் சுவரைப் பார்த்து அவள் படுத்திருந்தாள்,
ஒரு கையை மூடியபடி.
பெருந்துறை தாண்டியிருக்கும்.
மேலிருந்து மெல்ல இறங்கியது மஞ்சள் வாசம்.

பிலோமினா தும்மினாள்.
"பத்து" என்றார் இர்ஃபான் பாய்.