தொழிலாளி மாதிரி

மூடி ஏழு மாசமான சாயப்பட்டறைக்கு
ஜெனரேட்டர் வண்டியோடு வந்திறங்கினார்கள்,
மங்கலம் ரோட்டில் ஒரு வியாழக்கிழமை.
பேராசை பற்றிய படமாம்.
ஆற்றைக் குடித்த கம்பெனி, எதிர்த்து நிற்கும் ஒரு பெண்.
தொழிலாளிகள் நூற்றைம்பது பேர் வேணும்,
ஆளுக்கு ஐநூறு, மத்தியானம் பிரியாணி.
போனோம்,
வராத மூணு மாசச் சம்பளத்தைக் கேட்கப் போன
அதே கேட்டு வழியாக.

சரசாளைப் பார்த்ததும் ஏஜெண்ட்
கொஞ்சம் சதையா இருக்கீங்க, வறுமை தெரியலை என்றார்.
பதினெட்டு வருஷம் ஈரத்துணி தூக்கிய தோள் அது.
ஜீன்ஸ் போட்டு வந்த கதிர்வேலுக்குக்
கந்தல் லுங்கி ஒன்று கொடுத்தார்கள்,
டீத்தண்ணியில் முக்கிப் பழசாக்கியது.
முகர்ந்து பார்த்துச் சொன்னான்:
ஒரே அலசில் போயிருமுங்க, இது சாயமே இல்லை.

பசந்தியை ஓரமாகப் போகச் சொன்னார்கள்.
ஒடிசாக்காரி. இது மண்ணோட கதைம்மா.
பட்டறையின் வருகைப் பதிவேட்டில் அவள் வசந்தி,
சூப்பர்வைசர் வாயில் நுழைந்தது அதுதான்.
ராத்திரி ஷிப்டில் பாதிப் பேர் அவள் ஊர்.
அந்தப் பாதி இல்லாமலேயே
முழு ஷிப்டாக நின்றோம் நாங்கள், லைட்டுக்கு முன்னால்.

நாயகி நல்ல பெண்.
பேர் கேட்டாள், தண்ணி பாட்டிலை நீட்டினாள்.
மூணு மணிநேரம் நாற்காலியில் உட்கார்ந்து
என் நிறத்துக்கு வந்து சேர்ந்தாள்.
வசனத்துக்கு வசனம் ஒரு ‘ஏனுங்க’ ஒட்டியிருந்தது,
சண்டைபோடும்போதுகூட.
கோபம் வந்தால் நாங்கள் முதலில் கைவிடுவது
அந்த ‘ங்க’வைத்தான். யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.
விரல் நுனியில் மருதாணிபோல நீலம் பூசியதைத்தான்
பொறுக்க முடியவில்லை.
அங்க இல்லீங்க, நகக்கண்ணுல.
சோறு பிசையறப்போ தெரியுமே, அங்க.
மேக்கப்காரர் குனிந்து என் கையைப் பார்த்தார்.
கேமராக்காரரும் வந்து பார்த்தார்.
கேமரா வரவில்லை.
அவள் விரல் என் விரலானதும்
என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள்.

வில்லன் விமானத்தில் வந்தவர்.
கோட்டு, இங்கிலீஷ், மடியில் ஒரு வெள்ளை நாய்.
கண்ணாடி அறைக்குள் நின்று சத்தமாகச் சிரித்தார்.
எங்கள் பக்கம் அப்படி யாரும் சிரித்ததில்லை.
எங்கள் மொதலாளி நாட்ராயன்
சாப்ட்டியா கண்ணு என்று கேட்டுவிட்டுத்தான்
நடுராத்திரியில் வால்வைத் திறந்துவிடச் சொல்வார்.
மழை பெய்கிற ராத்திரி
இன்னும் பிரியமாகக் கேட்பார்.

மூணாம் நாள் அவரே வந்தார்,
மழிக்காத தாடி, தோளில் பச்சைத் துண்டு.
இடம் கொடுத்தவருக்கு ஒரு சீன், விவசாயி வேஷம்.
செத்த மீனைக் கையில் ஏந்தி
நொய்யலைக் கொன்னுபோட்டீங்களேடா என்று அழவேண்டும்.
ஒரே டேக்.
கிளிசரின் வேண்டாமென்றுவிட்டார்.
அழுதது நிஜம்.
அதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.
லைட்மேன்கூடக் கண்ணைத் துடைத்தார்.
நானும் கை தட்டினேன்,
கூட்டம் தட்டும்போது தட்டுவதுதான்
எனக்குச் சொன்ன வேலை.

பொழுது இறங்க, எண்ணிக் கொடுத்தார்கள் ஐநூறு.
அந்தக் கேட்டுக்குள்
சொன்ன காசு சொன்ன நாளில் வந்தது
அன்றைக்குத்தான்.

படம் காங்கயத்துக்கு வந்தபோது மூணு பேரும் போனோம்,
டிக்கெட் சரசாள் செலவு.
எழுத்துப் போடும்போது நன்றி வரிசையில் நாட்ராயன்.
போராட்டக் காட்சியில் என் இடது காதும்
முழங்கையும் இருந்தன. காது நன்றாக விழுந்திருந்தது.
நாயகி கத்திக்கொண்டே ஓடுகிறாள்,
பின்னால் பாய்லர் ரூம் ஜன்னல்,
அதன் உடையாத ஒரு கண்ணாடியில்,
எடிட்டருக்குத் தப்பி, அரை நொடி,
கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு பசந்தி.

மூ, என்று எழுந்துவிட்டாள்.
அவள் பாஷையில் ‘நான்’.
மூ, மூ என்று திரையைக் காட்டினாள்.
அதற்குள் அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.
மறைக்குதும்மா, உட்காரு
என்றார் பின்சீட்டுக்காரர்.