கோப்பு எண் 61

லோஷினி,
வரும் சனிக்கிழமையிலிருந்து இந்தக் கோப்பு உன்னுடையது.
பந்தாய் டாலாம் அடுக்குமாடி, கீழ்த்தளத்து டேவான்.
சீக்கிரம் போய் மின்விசிறி சுற்றுகிற மேசையைப் பிடி.
காகிதம் பறக்கும், பறக்கட்டும்.
லிஃப்ட் பழுதான நாளில்
பதினான்கு மாடி இறங்கி வருகிறவர்கள் அவர்கள்.

முதலில் சொல்லிவிடு: நான் வக்கீல் இல்லை, மாணவி.
இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது விரிவுரையாளரின் விதி.
நான் மூன்று முறை சொன்னேன்.
"சரிங்க லாயர்" என்றார் யோகமலர்.

வயது நாற்பத்தொன்று, அவர் சொன்னபடி.
பங்சாரில் ஒரு பேரங்காடியின் கழிப்பறைகள் அவர் பொறுப்பு.
சம்பளம் வேறொருத்தி பெயரில் வருகிறது,
அவள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தருகிறாள்.
இரவு பத்துக்கு முன்னால் அழைக்காதே.

அவர் பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.
இருப்பது மருத்துவச்சியின் அட்டை ஒன்று,
மூன்றாம் ஆண்டோடு நின்ற பள்ளியின் சீட்டு ஒன்று.
அட்டையில் பெயர் 'கே' போட்டு, சீட்டில் 'ஜி' போட்டு.
நம்மிடம் இருப்பது ஒரே க.
கல்லுக்கும் அதுதான், மகனுக்கும் அதுதான்,
வாய் தானே பார்த்துக்கொள்ளும்.
பதிவிலாகா முகப்பில் அவர் இரண்டு பெண்கள்.
இரண்டு பேருமே வரவில்லை என்று
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சத்தியப் பிரமாணம் எழுதி ஒட்டியாயிற்று.
முத்திரைக்குப் பத்து வெள்ளி.
நாங்கள் கொடுக்கிறோம் என்றோம்.
அவர் அதற்குள் சில்லறையை
ஐந்து ஐந்தாக அடுக்கத் தொடங்கியிருந்தார்.

மகன் தர்ஷன்ராஜ். பன்னிரண்டு முடிந்துவிட்டது.
வகுப்பில் எல்லாரும் புது மைகார்டை எடுத்துவந்து
யார் படத்தில் யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று
சிரித்துக்கொள்கிறார்கள்.
இவனும் சிரிப்பானாம்.
தாலி செந்தூலில் ஒரு கோயிலில் கட்டியது.
மாலைக்கும் நாதஸ்வரத்துக்கும் ரசீது இருக்கிறது,
திருமணத்துக்குப் பதிவு இல்லை.
அட்டை உள்ள மனிதர், அட்டையோடு போய்விட்டார்.

அப்பா பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில்
'மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி'.
என்ன அர்த்தம் என்று கேட்டார்.
தகவல் பெறப்படவில்லை, என்றேன்.
கட்டத்தின் மேல் விரலை வைத்தபடி இருந்தார்.
பிறகு,
"யாரு வந்து கேட்டா?"

நேர்காணல் படிவத்தில் இதற்கு இடம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
அழித்துவிடாதே.

பதினைந்து-ஏ மனு புத்ராஜெயா போய்ப் பதினான்கு மாதம்.
இருபத்தொன்று தாண்டினால் அந்தக் கதவு இல்லை என்பதைப்
பையனே எங்கேயோ படித்திருக்கிறான்.
தேதி மட்டும் சொல்லிவிடாதே.
நான் ஒருமுறை வாய்தவறி, தீபாவளிக்குள் என்றேன்.
தீபாவளி கழிந்த சனிக்கிழமை
முறுக்கு டின்னோடு வந்து நின்றான்.
ஒன்றும் கேட்கவில்லை.
மேசையில் வைத்துவிட்டு
காகிதங்கள் பறக்காமல் கையால் அழுத்திக்கொண்டிருந்தான்,
அவன் அம்மா பேசி முடிக்கும்வரை.

எனக்குப் பட்டமளிப்பு அக்டோபரில்.
மேடையில் வாசிக்கப் பெயர் கேட்டு ஒரு படிவம் வந்தது:
'அடையாள அட்டையில் உள்ளபடி'.
நிரப்பப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

டின் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.
நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.
நீ கொடுத்துவிடு.
வெறும் டின்னாகக் கொடுக்கக் கூடாது, தெரியுமல்லவா,
ஏதாவது போட்டுத்தான் திருப்ப வேண்டும்.
என்ன போடுவதென்று தெரியாமல்தான்
ஏழு மாதமாக அங்கேயே இருக்கிறது.