நானூற்றுப் பன்னிரண்டு

மினசோட்டாவில் ஒரு பெடியன்
மூன்றாம் கட்சியில் நிண்டு
நானூற்றுப் பன்னிரண்டு வாக்கோடு தோத்தானாம்.
துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி:
"என் பூட்டி யாழ்ப்பாணம்."

கோண்டாவில் சலூனில் ஒரே ஆரவாரம்.
யாழ்ப்பாணத்தில் எவடம்?
ஆற்ரை ஆக்கள்?
ஒரு கன்னம் நுரையோடு
வரதலிங்கம் கேட்டார்:
எட்டில் ஒரு பங்கு இரத்தத்துக்கு
எத்தினையாம் திருவிழா உபயம்?

நான் வாய் திறக்கேல்லை.
போனமுறை பிரதேச சபைக்குச்
சுயேச்சையாய் நிண்டனான். சின்னம் கேத்தல்.
முப்பத்தேழு வாக்கு.
சகோதரம், மச்சான்மார், மருமக்கள்
எண்ணினாலே
நாற்பத்தொரு பேர்.

அவன்ரை பூட்டியை ஆர் கண்டது?
தோத்த அண்டிரவு
மிஞ்சின பிரசுரங்களை
என்ன செய்தனி எண்டு மட்டும்
கேட்கவேணும்போலை கிடந்தது.

என்ரை இன்னும்
கோழிக்கூட்டுக்குள்ளை,
முகம் மேலை பாத்தபடி.