நூற்றுப் பதினான்கு பார்

காசிமேட்டு ஐஸ் பேக்டரியில்
கம்ப்ரெசர் ஓடத் தொடங்கும்போதெல்லாம்
டியூப்லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும்.
கணக்குப் பெட்டியும் கூடவே மூடும்.
போன செவ்வாய் மூடியது திறக்கவில்லை.

எழுதிய இடத்திலேயே திரும்ப எழுதும் ரகம் அது.
பாதி வரியில் கரண்ட் போனால்
முந்தின எண்ணும் இல்லை, புது எண்ணும் இல்லை.
"இனிமே போகக்கூடாது" என்றார் முதலாளி,
அவ்வளவுதான்.

ராத்திரி பத்தரை.
புது வட்டை மாட்டி
பென்டிரைவில் லினக்ஸோடு உட்கார்ந்தேன்.
பந்தியில் கேட்காமலே இலைக்கு வரும் உப்பு மாதிரி
வழக்கமான ஃபைல் சிஸ்டத்தையே நீட்டியது
நிறுவும் திரை.
எனக்கு வேண்டியது வேறு.
"பட்டர்னு ஒண்ணு இருக்குக்கா, அதப் போடப் போறேன்."
பில் எழுதும் அமலோற்பவம் அக்கா
"பன்னு?" என்றாள் தலை தூக்காமல்.

கறுப்புத் திரைக்குள் இறங்கிக் கையால் பிரித்தேன்.
எழுந்து நிற்கச் சின்னதாய் ஒரு துண்டு,
மிச்சம் முழுக்க ஒரே பரப்பு,
அதற்குள் சுவரில்லாத அறைகள்:
சிஸ்டத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று.
முப்பத்தாறு எழுத்து அடையாள எண்ணை
பழைய டீசல் ரசீதின் முதுகில் எழுதி
பி-யா எட்டா என்று
செல்போன் வெளிச்சத்தில் இரண்டு தரம் பார்த்தேன்.

ஒன்றேகாலுக்கு ரீபூட்.
வட்டு கிடைத்தது, தொடங்க ஆளில்லை என்றது.
பிளாக் நம்பர் சொன்னவன்
எந்த மாடி என்று சொல்லவில்லை.
ஹவுசிங் போர்டு வாசலில் கூரியர் பையன் போல
மினுக்கும் ஒரு கோட்டோடு
நின்றுகொண்டிருந்தது.

மறுபடி பென்டிரைவ். மறுபடி மவுன்ட்.
உள்ளே போய், துவக்க வரியில்
விட்டுப்போன ஒற்றைச் சொல்லைப் போட்டேன்.
வெளியே பார்கள் சறுக்கி வந்து
கிரஷருக்குள் விழும் சத்தம்.
அம்மோனியா கொஞ்சம், மீன் கொஞ்சம்.
இரண்டே காலுக்கு எழுந்தது.

பில் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து
பழைய பாக்கிகளை ஏற்றத் தொடங்கினாள் அக்கா.
நான் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்:
இது எதன் மேலேயும் எழுதாதுக்கா.
புதுசை வேறு இடத்தில் எழுதி
முழுசாய் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் கை காட்டும்.
மணிக்கொரு தரம் மொத்தத்தையும் படம் பிடிக்கும்.
எந்த மணிக்கு வேணுமோ
அந்த மணிக்குத் திரும்பிப் போகலாம்.

விரல் நின்றது.
"அப்ப நான் அட்ச்சது?"
"அதுவும் இருக்கும்."
"மூணு அடிச்சிச்சா?"
மூன்று மணி ஏழு நிமிடம்.

மூன்று மணிப் படத்தைத் திறந்தேன்.
தேசிங்கு, நூற்றுப் பதினான்கு பார், பாக்கி.
இப்போதைய கணக்கில் அந்த வரி இல்லை.
தடைக்காலம் முடிந்த வாரம் கிளம்பின போட்டு.
போட்டு வந்தது.
அவன் பெஞ்சாதி
வார்ப்பு இறங்கும் இடத்தில் நண்டு பொறுக்குகிறாள்.
பார்த்திருக்கிறேன், பேர் தெரியாது.

பில் புத்தகத்தின் அந்தப் பக்கம்
உருகின ஐஸ் தண்ணியில்
தரையோடு ஒட்டிக் கிடந்தது.
நீல மை
வடிகால் வரைக்கும் போயிருந்தது.
அக்கா அதைப் பார்க்கவில்லை,
என்னையும்.

படத்தை அழிக்கவும் ஒரு கட்டளை உண்டு.
நிஜமாகவா என்று கேட்காது.
அடித்தேன்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை எண் வைத்து
தன் அழுகலைத் தானே கண்டுபிடிக்கும் சிஸ்டம் இது.
முழு வட்டையும் ஒருமுறை துருவிப் பார்க்கச் சொன்னேன்.
பிழைகள்: பூஜ்யம்.

நாலு மணிக்கு அடுத்த படம் எடுத்தது.
ஏலக்காரர்களின் குரல் எழும்பியபோது
அக்கா பன் வாங்கி வந்தாள்.
பட்டர் இல்லை, வெறும் பன்.
டீயில் நனைத்துக்கொண்டிருக்கையில்
முதலாளியின் ஸ்கூட்டர்.

"இனிமே எதுவும் போகாதில்ல?"

வாயில் பன் இருந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.
அது எந்தப் பக்கம் ஆடியதென்று
அவருக்குத் தெரிந்திருக்கும்.