ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் எட்டு அவுன்ஸ்

புதுச்சேரி காந்தி வீதி, ஞாயிற்றுச் சந்தை.
செருப்புக் குவியலுக்கும் பழைய சார்ஜர்களுக்கும் நடுவே
பூச்சாடி என்று சொல்லித்தான் விற்றார் செசிலியன்.
நூற்றைம்பது. நூற்றிருபதுக்கு முடித்தேன்.
உடைந்த சோடாப் பாட்டிலின் விளிம்பில் தெரியுமே,
அந்த நிறம். மூடி இல்லை.

ஆல்பேட்டையில் பேருந்து நின்றது.
புதுவையிலிருந்து வரும் எல்லாப் பைகள் மேலும்
அங்கே ஒரே சந்தேகம்தான்.
என் பையைத் தட்டினார். கண்ணாடி பதில் சொன்னது.
"இறங்குங்க மேடம்."

நெஞ்சுப் பட்டையில் ம. அய்யனாரப்பன்.
பாட்டிலை முகர்ந்தார். தூசி.
நம்பிக்கையை விடாமல் இன்னொரு முறை முகர்ந்தார்.
"என்ன இது, எல்லாக் கோட்டுலயும் மூணுன்னு போட்டிருக்கு?"

மூணு இல்ல சார்.
தலையில இன்னொரு கொக்கி இருக்கு பாருங்க, அது அவுன்ஸ்.
கொக்கி இல்லாம மொட்டையா இருந்தா டிராம்.
எட்டு டிராம் ஒரு அவுன்ஸ்.
பக்கத்துல நிக்கிற குச்சிங்கதான் எண்ணிக்கை.
ஒரு கொக்கியைக் கவனிக்காம விட்டா
மருந்து எட்டுல ஒண்ணாகும்,
இல்லன்னா எட்டு மடங்காகும்.

சொல்லும்போதே தெரிந்தது,
அது என் மருந்து ஜன்னல் குரல்.
பதினொரு வருஷமாகக் கம்பிக்குப் பின்னால் நின்று
சாப்பாட்டுக்கு அப்புறம், சாப்பாட்டுக்கு அப்புறம்
என்று சொல்லிப் பழகிய குரல்.

அவர் விரல் கோடு கோடாக ஏறியது.
"குவார்ட்டர் எதுல வரும்?"
சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் வகுத்தேன்,
நூற்றெண்பதை இருபத்தெட்டே சொச்சத்தால்.
ஆறுக்குக் கொஞ்சம் மேலே.

தன் தண்ணீரை அதில் ஊற்றினார்.
நின்றபடியே குனிந்து பார்த்து, ஏழு என்றார்.
கண்ணு கோட்டுக்கு நேரா வரணும் சார்.
ஓரத்துல ஏறி ஒட்டியிருக்கிறதை விடுங்க,
நடுவுல தொய்ஞ்சிருக்கே, அதான் அளவு.

தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
சாலையோரம் குந்தினார்.
முகத்துக்கு நேரே பாட்டிலைப் பிடித்தேன்.
தண்ணீருக்குள் பெண்ணையாற்றுப் பாலம்;
கடலூர் போகும் லாரி ஒன்று
புதுவைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆறுதான்."
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
அவர் எழுந்திருக்கவில்லை.
"பாப்பாவுக்கு இருமல் மருந்து நான்தான் ஊத்துறது.
மூடியில கோடு போட்டிருக்கும்.
நின்னுகிட்டே பாத்துதான் ஊத்துவேன்."
கொஞ்ச நேரம் கழித்து,
"கம்மியாத்தான் போயிருக்கு, என்ன?"

தண்ணீரைக் கொட்டாமலே திருப்பித் தந்தார்.
பேருந்து நிலையம் வரை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தேன்.
வேகத்தடையில் எட்டு, திருப்பத்தில் நாலு,
என் புடவையில் கொஞ்சம்.
சிக்னலில் மட்டும்
ஐந்தே முக்கால்.