ஆறாயிரம் கிலோமீட்டர்

பற்றவைத்த கோடு வெள்ளியாய் வந்தால் சரி.
வைக்கோல் நிறமென்றால் அர்சேனி லுகீச்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்; விட்டுவிடுவார்.
மயில்கழுத்து நீலமென்றால்
சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.
அறுத்தெடு, மறுபடி.

டைட்டானியத்துக்குச் சூட்டில் காற்று ஆகாது.
ஆர்கான் நிரப்பிய கூண்டுக்குள்
கைகளை மட்டும் நுழைத்து
துஷினோவில் மூன்று குளிர்காலம்
ஓர் இறக்கையின் அடிவயிற்றைத் தைத்தேன்.
அந்த நீலத்தைப்போல் அழகு
எங்கள் பட்டறையில் வேறில்லை என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.

தொட்டி நிறைந்தால் ஆறாயிரம் கிலோமீட்டர்.
எந்த ஊர்வரை என்று கேட்கக் கூடாது.
வரைபடத்தில் நூல் வைத்து அளந்த ஃபயீனா
மறுவாரம் வேறு பிரிவுக்குப் போனாள்.

வேகம் கூடியதும் மூக்கு நிமிர்ந்து
முன்கண்ணாடியை மூடிவிடுமாம்.
வெளியே ஒன்றும் தெரியாது விமானிக்கு,
முட்களை நம்பி உட்கார்ந்திருப்பான்.
எங்களுக்கு அது புதிதாகப் படவில்லை.

பத்துத் தடவை பறந்தது.
பதினோராவதற்கு எரிபொருள் நிரப்பிய பின்
இறைத்துவிடச் சொன்னார்கள்.
அந்தக் காகிதத்தில் காரணம் இல்லை.
கையெழுத்து மட்டும் தெளிவு.

மிச்சத் தகடுகள் கிடங்கில் கிடந்தன,
நாட்டின் பெயர் மாறும்வரை.
பிறகு சம்பளத்துக்குப் பதில் மண்வாரி கொடுத்தார்கள்.
துருப்பிடிக்காது. எடையே இல்லை.

உருளைக்கிழங்கு தோண்டுகிறேன்.
கைப்பிடிக் குழலை யார் பற்றவைத்தார்களோ,
விளிம்பெல்லாம் நீலம்.
லுகீச் இருந்தால் சாக்கட்டியைத் தேடியிருப்பார்.
நான் மண்ணைத் துடைத்துப் பார்க்கிறேன்,
வெயில் பக்கம் திருப்பி.

இன்னும் இரண்டு பாத்தி பாக்கி.